மரத்தைப் பார்த்தால் கட்டி கரையாது
"லண்டன் மேகீஸ் மையங்களில் ஓவியம், தோட்டம் வைத்தே புற்றுநோயைக் குணமாக்குகிறார்கள், 1984லேயே ஆய்வில் நிரூபணம் ஆகிவிட்டது" என்று மேலே அண்ணாச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். மும்பை பரேலில் உள்ள டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஊரிலிருந்து சொந்தபந்தத்தை அழைத்து வருகிறவர்கள் நம்மில் பலர். அதனால் இதை அப்படியே விட முடியவில்லை.

மேகீஸ் என்பது புற்றுநோயாளிகளுக்கு ஆறுதலும் ஆதரவும் தரும் இடம். அங்கே கீமோவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சிகிச்சையெல்லாம் பக்கத்து மருத்துவமனையில்தான். இந்த மையங்களுக்கு வித்திட்ட மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ், தன் புற்றுநோயின்போது ஜன்னலில்லாத நடைவழியில் காத்திருந்தவர். அந்த வேதனையில் பிறந்த யோசனை இது. முதல் மையம் 1996இல் எடின்பரோவில் திறந்தது (லண்டனில் அல்ல). அதற்கு முந்தைய வருடமே அவர் இறந்துவிட்டார். வீடு மாதிரி நடுவில் சமையலறை மேசை, வெளிச்சம், தோட்டம். வந்து பேசலாம், அழலாம், டீ குடித்துவிட்டுப் போகலாம்.

அப்புறம் அந்த 1984 ஆய்வு. அதைச் செய்த ஆய்வாளர் ராஜர் உல்ரிச் பார்த்தது பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களை. ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஓவியத்துக்கும் இல்லை.

நல்ல வடிவமைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாதர் தர்மசாலாவில் தங்கி சிகிச்சைக்கு அலைகிறவருக்கு, காற்றும் வெளிச்சமும் உள்ள ஓர் இடம் பெரிய ஆறுதல்தான். ஆனால் கீழே ஒரு தங்கை, அடுத்த கீமோவைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம்மா, முதலில் டாக்டரிடம் பேசுங்கள். அண்ணாச்சி, தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.