அந்த அம்மிணி கையிலிருந்து மைக்கை வாங்கினது தப்பு

கேரளாவுல நம்ம பள்ளிக்கூடத்துப் படனோத்சவத்துல, அதாவது பிள்ளைங்க படிச்சதை மேடையில காட்டற விழாவுல, ஒரு பத்து வயசு அம்மிணி பேசின வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. மறுபடி நான் பகிரல. மூணு நாளாச்சு, எனக்கு மனசு ஆறல.

மேடைக்குக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்துக்காரங்க. "குழுச் செயல்பாடு பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டதும் அவங்கதான். அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசிச்சு நிதானமாத்தான் சொல்லுச்சு: "எங்க குழுவுல நாலு பேருங்க. எழுதறது எப்பவும் ஒரே ஆளுங்க. நான் ஸ்கெட்ச் பேனாவுக்கு மூடி போட்டு வைப்பனுங்க. போட்டோ எடுக்கறப்ப மட்டும் எல்லாரும் சார்ட்டுல கை வைப்போங்க." அவ்வளவுதான், மைக் கையை விட்டுப் போயிருச்சு. கூட்டம் சிரிச்சுது. கமெண்ட்டுல "வாய் நீளம்"ங்கறாங்க, "வீட்டுல சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க"ங்கறாங்க.

பாடம் எப்படி நடக்குதுன்னு பிள்ளைகிட்ட கேட்டா, பிள்ளை சொல்றதைக் கேட்கணும். நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

"அப்ப பழையபடி பிரம்பும் மனப்பாடமும் வேணுமா?"ன்னு கேட்பீங்க. வேண்டவே வேண்டாம். பிரம்படி பட்டு வாய்ப்பாடு படிச்சவ நான். தொண்ணூறுகளோட கடைசியில டிபிஇபிங்கற மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டம் வந்து, பெஞ்சைத் தள்ளி வட்டமா உட்கார வெச்சப்ப அத்தனை சந்தோஷப்பட்டேன். ஆனா ஒரு மாசத்துல என் வேலை கத்தரிக்கோல் பிடிக்கறதுன்னு முடிவாயிருச்சு. அந்த வருஷம் முழுக்க நான் வெட்டினேன், வேற யாரோ படிச்சாங்க. அதை யாருகிட்டயும் சொல்லல. யாரும் கேட்கவும் இல்ல. இந்தப் பிள்ளைகிட்ட கேட்டாங்க, அது சொல்லுச்சு. நான் இருபத்தஞ்சு வருஷம் மனசுல வெச்சிருந்ததை அது நாலு வரியில சொல்லிருச்சு. அதுக்கு இந்தச் சிரிப்பு.

2009 கல்வி உரிமைச் சட்டத்துல 29வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. பிள்ளைங்க செயல்பாடு வழியா, தானா தேடிக் கண்டுபிடிச்சுப் படிக்கணும்னு அதுல இருக்கு. அதே பிரிவுலதான் பிள்ளையைப் பயமில்லாம வெச்சிருக்கணும், மனசுல பட்டதைத் தாராளமாச் சொல்ல உதவணும்னும் இருக்கு. முதல் பாதிக்கு போட்டோ எடுத்து மேல அனுப்பறீங்க. ரெண்டாவது பாதி மேடையில வந்து நின்னப்ப மைக்கை வாங்கிட்டீங்க.

"பத்து வயசுப் பிள்ளைக்குப் போதனா முறை பத்தி என்ன தெரியும்?" இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நோகடிச்சது. அந்தப் பிள்ளையோட அப்பா வயக்காட்டுக்காரர். மணக்கடவு தடுப்பணையில தண்ணி எப்ப வரும், நம்ம வாய்க்காலுக்கு எத்தனை நாளுல எட்டும்னு அதுக்குத் தெரியும். ஆழியாறுத் தண்ணியில நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சின்னு ஒப்பந்தம் இருக்கறதையும் வீட்டுல பேசிக் கேட்டிருக்கும். போன மாசம் வகுப்புல செயல்பாட்டுத் தலைப்பே 'நீர்'. ஒட்டினது எங்கயோ டவுன்லோடு பண்ணின அருவிப் படம். அந்தப் பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா சார்ட் நிறைஞ்சிருக்கும்.

ஆசிரியர்களுக்கு வேலைச்சுமை இருக்கு. ஒத்துக்கறேன். மைக்கை வாங்கறதுக்கு அது காரணம் ஆகாது.

பிள்ளை தன் வேகத்துல ஒவ்வொண்ணா முடிச்சுப் போற செயல்வழிக் கற்றல் அட்டைகள் எங்கிருந்து வந்ததுன்னு யோசிங்க. ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிப் பள்ளி, சுத்துப்பட்டு கிராமத்துப் பிள்ளைகளுக்காக உண்டாக்கின முறை அது. அதைப் பார்த்துத்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு, 2007 வாக்குல தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனாங்க. எல்லையில இருக்கற வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, எங்க அக்கா மகன் அப்படித்தான் படிச்சான். அட்டை வரிசையைக் காட்டற ஏணிப்படிப் படத்துல தன் அட்டை எங்க இருக்குன்னு அவனே காட்டுவான். "நான் இங்க நிக்கறேன் சித்தி, இது இன்னும் வரல"ன்னு கூச்சமில்லாமச் சொல்லுவான். வரலைன்னு பிள்ளை வாய்விட்டுச் சொல்லறதுக்கு அங்க இடம் இருந்துச்சு.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கே கசக்கும். எழுதறது ஏன் எப்பவும் ஒரே ஆளு? என் மகள் படிக்கற தமிழ் மீடியம் வகுப்புல செயல்பாட்டுத் தாள் பாதி நாள் மலையாளத்துலதான் வருது. டீச்சர் வாயாலயே தமிழாக்கிச் சொல்றாங்க, பாவம். மலையாளம் நல்லா வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை குழுத் தலைவி ஆயிருது. மத்த மூணும் மூடி போடுது. 1956ல கேரளா உருவானதுலிருந்து தமிழ் பேசற நாம இந்தப் பக்கம். இத்தனை வருஷம் கழிச்சும் நம்ம பிள்ளை நம்ம வகுப்புலயே ஓரமா உட்கார்ந்து பார்க்குது. அந்தப் பிள்ளை மேடையில சொன்னதுக்குள்ள இதுவும் இருந்துச்சுன்னு எனக்குப் படுது. நான் அதிகமாச் சொல்றேன்னா சொல்லுங்க, பரவால்ல.

ஏழாம் வகுப்புல எங்களுக்கு ஒரு டீச்சர் இருந்தாங்க. வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குப் பேர் எழுதாத துண்டுச் சீட்டு வாங்கி பிஸ்கட் டப்பாவுல போட்டுக்குவாங்க. எங்க புரியல, எது பிடிக்கலைன்னு எழுதலாம். ஒரு தடவை நான் எழுதினேன்: "டீச்சர், நீங்க போர்டைப் பார்த்தே பேசறீங்க, கேட்க மாட்டேங்குது." திங்கக்கிழமை எங்க பக்கம் திரும்பி நின்னு பாடம் எடுத்தாங்க. யாரு எழுதினதுன்னு கேட்கவே இல்ல. எனக்குக் கணக்கு வந்தது அந்த வருஷந்தான்.

அந்த அம்மிணி ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகல. அவங்க அம்மாவைச் சந்தையில பார்த்தேன். "நான் பொய்யாம்மா சொன்னேன்?"னு கேட்டுட்டே இருக்குதாம். வீடியோ வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க. சிரிப்புப் பொம்மை போட்டதுல மூணு பேர் எனக்குத் தெரிஞ்சவங்க. ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போறேன், நீங்களும் வாங்க.