ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு கணினி

"வெளியூர் போகும்போது எடுத்துப்போக, குறிப்பு எழுத, சின்னதாக, விலை குறைவாக ஒரு லேப்டாப்போ டேப்லெட்டோ சொல்லுங்களேன்" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது உள்டப்பியில் கேட்கிறார்கள். இதுவரை நாலு வரியில் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் 19,000 ரூபாயைத் தொலைத்தவன் என்ற தகுதியில் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிவைத்துக்கொண்டு வருகிறேன். எந்த மடை யாருடைய பொறுப்பில் இருந்தது, தண்ணீர்ப் பங்கு எப்படிப் பிரித்தார்கள், கலுங்கு (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) எந்த வருஷம் உடைந்தது, இப்படி. பயணம் எல்லாம் பெரும்பாலும் அரசுப் பேருந்தில்தான். தங்குவது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜில்.

ஆட்களிடம் பேசும்போது நான் கணினியைத் திறப்பதே இல்லை. ஒருமுறை திறந்து பார்த்தேன். அதுவரை அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி ஆபீசுல இருந்து வந்திருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எதிரில் நாற்பது பக்க நோட்டும் பேனாவும் மட்டும். கணினி எனக்கு வேண்டியது ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை, கட்டிலில் உட்கார்ந்து, நோட்டில் கிறுக்கியதை மறப்பதற்குள் விரித்து எழுத. அப்புறம் பேருந்திலோ ரயிலிலோ கிடைக்கும் அரை மணி. இவ்வளவுதான் என் தேவை. இதை யோசிக்காமல் கடைக்குப் போனதுதான் என் முதல் தப்பு.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று பத்து அங்குல டேப்லெட் ஒன்றையும், உறையோடு சேர்ந்த ப்ளூடூத் விசைப்பலகை ஒன்றையும் வாங்கினேன். மேஜையில் வைத்தால் அருமை. ஆனால் லாட்ஜில் மேஜை எங்கே இருக்கிறது? மடியில் வைத்தால் திரை பின்னால் மல்லாந்து விழும். முட்டியை மடக்கி அணை கொடுத்தால் விசைப்பலகை சரியும். ஓடும் பேருந்தில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம், பக்கத்து சீட்டு அம்மா இரண்டு முறை பிடித்துக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய தொல்லை தமிழ். திரையில் தொட்டு எழுதினால் தமிழ் வருகிறது, வெளி விசைப்பலகையில் தட்டினால் ஆங்கிலம் மட்டும் வருகிறது. ஏதோ ஒரு செயலியைப் போட்டு ஒருவழியாகத் தமிழ்99 என்ற தட்டச்சு முறையை வரவைத்தேன். டேப்லெட் தூங்கி எழும்போதெல்லாம் மறுபடி ஆங்கிலத்துக்கே போய் நிற்கும். கடையில் எல்லாரும் ரேம் எவ்வளவு, கேமரா எவ்வளவு என்று கேட்கிறோம். நீங்கள் அதைக் கேட்காதீர்கள். "இந்த விசைப்பலகையைச் சேர்த்து, நான் வழக்கமாக அடிக்கும் முறையில், நாலு வரி தமிழ் அடிக்க விடுங்கள்" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

"போனே போதுமே, பேசினால் தானே எழுதிக்கொள்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். கடிதம் எழுத, பதிவு போடப் போதும்தான். வட்டாரச் சொற்களைச் சேகரிப்பவருக்குப் போதாது. பெரியவர் சொன்ன 'கலுங்கு' என் போனில் 'குலுங்கு' ஆகியிருந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால், கண்மாய் நிறைந்து குலுங்கு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மடையைத் திறந்து மூடும் மடைக்குடும்பன், கண்மாய்க்குள் இருந்து தண்ணீரை வெளிவிடும் குமிழித்தூம்பு எல்லாம் போனுக்குத் தெரியாத சொற்கள். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றுவதைத்தான் அது உதவி என்று நினைக்கிறது. நான் அடித்தது அடித்தபடி நிற்க வேண்டும் என்றால் எனக்கு நிஜ விசைப்பலகையும் தமிழ்99-ம் வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும், ந, த என்று தட்டினால் 'ந்த' ஆகிவிடும். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு பேச்சு வேகத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

சரி, அப்படியானால் புது லேப்டாப்பிலேயே விலை குறைந்த ஒன்றை வாங்கலாமே? வாங்கலாம், ஆனால் மூன்று இடத்தில் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. மலிவு லேப்டாப் பலவற்றில் சரியாக அந்தக் குறைந்தபட்சம்தான் இருக்கும். அந்த 64 ஜிபியும் பெரும்பாலும் இஎம்எம்சி, அதாவது போர்டிலேயே பற்றவைத்த நினைவகம். எஸ்எஸ்டி போலக் கழற்றிப் பெரிதாக்க முடியாது, வேகமும் குறைவு. ஒரு பெரிய அப்டேட் வந்தால் இடம் இல்லை என்று அழும். மூன்றாவது, 'எஸ் மோட்' என்ற ஒன்று. அது இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள மென்பொருளை மட்டுமே நிறுவ முடியும், நம் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை ஏற்றவிடாது. காசில்லாமலே அதிலிருந்து வெளியே வரலாம், திரும்பிப் போகத்தான் முடியாது. இது தெரியாமல் புது மெஷினில் கோளாறு என்று நண்பர் ஒருவர் கடைக்கு இரண்டு நடை நடந்தார்.

2023-இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் லேப்டாப்பையும் பார்த்தேன். 990 கிராம், சிம் போடலாம். எடைக்கு நூறு மதிப்பெண். ஆனால் அதே 4 ஜிபி, அதே 64 ஜிபி இஎம்எம்சி. கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் இன்னும் யோசிக்கத்தக்கது, அதில் தமிழ்99 உண்டு. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று இருக்கிறது. 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்து வருஷம் என்று கூகுள் நீட்டியது. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை என்பதால் பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படலாம்.

இப்படி மலிவான குட்டிக் கணினிக்கு ஆசைப்படுவது நமக்குப் புதிதல்ல. 2007-இல் அசூஸ் நிறுவனம் ஈ பிசி என்று ஏழு அங்குலத் திரையில், ஒரு கிலோவுக்கும் குறைவாக ஒன்றைக் கொண்டுவந்தது. சேமிப்பு 4 ஜிபி. நெட்புக் என்ற சொல்லே அப்போதுதான் பரவியது. 2011-இல் நம் மத்திய அரசு மாணவர்களுக்காக ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டது, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், விரலால் அழுத்தினால்தான் உணரும் திரை. விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குள் கணினியை அடைத்தால் எங்கே இடிக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அதன் கதையைத் தேடிப் படிக்கலாம்.

கடைசியில் நான் வாங்கியது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் எக்ஸ்270. 2017 மாடல், பன்னிரண்டரை அங்குலத் திரை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 15,000 ரூபாய். கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ரகம். பெரிய பேட்டரியோடு எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி வருகிறது, அதுதான் என் எல்லை. இதன் சிறப்பே இரண்டு பேட்டரிகள். ஒன்று உள்ளே, மற்றது பின்னால் கழற்றி மாட்டுவது. அணைக்காமலே பின்பேட்டரியை மாற்றலாம், மாற்றும்வரை உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். இதற்குப் பின் வந்த எக்ஸ்280-இல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள், ரேமையும் பற்றவைத்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. இதன் செயலி விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன், தமிழ்99-ஐயும் அதில் சேர்த்தாயிற்று. எழுத லிப்ரே ஆபீஸ். லினக்ஸ் என்றாலே பயம் என்பவர்கள் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியோ அதற்கு மேலோ உள்ளதைத் தேடுங்கள்.

பழையதை வாங்கப் போகிறவர்கள் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், டிசைன் கெப்பாசிட்டிக்கும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அதில் தெரிந்துவிடும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போகச் சொல்லுங்கள். பழைய கம்பெனி பாஸ்வேர்ட் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். திரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், சில எக்ஸ்270-களில் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் வெளிறும். என் முதல் தேர்வு அப்படித்தான் இருந்தது, மாற்றி வாங்கினேன்.

சார்ஜர் விஷயம். யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஆகுமா என்று கேட்டு வாங்குங்கள். லாட்ஜில் இருக்கும் ஒரே பிளக் டிவிக்குப் பின்னால் ஆளுயரத்தில் இருக்கும். 65 வாட் பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் ஒன்று இருந்தால் போனுக்கும் லேப்டாப்புக்கும் அதுவே ஆகும். வெறும் போன் சார்ஜரை நம்ப வேண்டாம். ரயிலில் இரவு 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்திவிடுவதும் உண்டு, ஏறுவதற்கு முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்ஹவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஹெச் என்பது சுமார் 74 வாட்ஹவர்.

டேப்லெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் வரைகிறவர்கள், பேனாவால் எழுதிப் பழகியவர்கள், பிடிஎஃப் நிறையப் படிக்கிறவர்கள் அதையே வாங்கலாம். என்னுடையதும் வீட்டில் சும்மா கிடக்கவில்லை, பழைய கெசட்டியர்களை அதில்தான் படிக்கிறேன்.

அடுத்த வாரம் பரமக்குடிப் பக்கம் போகிறேன். எக்ஸ்270-க்குப் பின்பேட்டரி ஒன்று கூடுதலாக வேண்டும். மதுரையில் போலி இல்லாமல் தரும் கடை யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.