பாதிரியார்கள் கூடுவதற்கு முந்தைய இரவு
அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பர்களைத் தனியே ஒதுக்கியதை எதிர்த்து அவர்கள் நடத்திய புறக்கணிப்பைப் பாதிரியார்கள் அறிவித்தார்கள், பெண்கள் பின்னால் திரண்டார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் வருகிறது. நடந்தது தலைகீழ். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான 1955 டிசம்பர் 1 இரவே, ஜோ ஆன் ராபின்சன் தான் பாடம் நடத்திய கல்லூரிக்குப் போய், பேருந்தில் ஏறாதீர்கள் என்று கேட்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய ஸ்டென்சில் வைத்து நகலெடுக்கும் இயந்திரத்தில் ஓட்டி எடுத்தார். மறுநாள் பள்ளிக்கூடம், கடை, அழகு நிலையம் என்று கட்டுக்கட்டாகப் போய்ச் சேர்ந்தன. பாதிரியார்கள் கூடியது அதற்கப்புறம்தான். ராபின்சனின் பெண்கள் அரசியல் மன்றம், புறக்கணிப்பு வரலாம் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் போட்டு எச்சரித்தும் இருந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'போராட்டத்துக்குப் பணம் கொடுத்தது தேவாலயங்கள்' என்கிறார். சரி, ஆனால் ஜார்ஜியா கில்மோரை விட்டுவிட்டாரே! சமையல்காரரான அவரும் தோழிகளும் கேக், பை, பொரித்த கோழி சாண்ட்விச் விற்று வாராவாரம் போராட்டக் கூட்டத்தில் பணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. யார் சமைத்தது, யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் குழுவுக்கே 'எங்கிருந்தோ வந்த மன்றம்' என்கிற மாதிரி ஒரு பெயர். கில்மோருக்குக் கடைசியில் வேலை போகத்தான் செய்தது. அப்புறம் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்றார். 381 நாள் போராட்டத்தைப் பற்றிய கட்டுரையில் இந்த இரண்டு பேருக்கும் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்.