தனியார் கம்பஸ் பட்டம் செல்லாதா?

கொழும்பில் தனியார் கம்பஸில் படித்து வாங்கும் பட்டம் எதுவும் இலங்கையில் செல்லாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 25அ பிரிவு இருக்கிறது. அதன்படி உயர்கல்வி அமைச்சர் ஒரு தனியார் நிறுவனத்தைப் பட்டம் வழங்கும் நிறுவனமாக வர்த்தமானியில் அங்கீகரிக்கலாம். மாலபேயிலுள்ள ஸ்லிட் (SLIIT) என்ற தனியார் கம்பஸ் அப்படி அங்கீகாரம் பெற்றதுதான்.

ஆனால் ஒன்று: அங்கீகாரம் பட்டத்துக்குப் பட்டம் பார்க்க வேண்டியது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் கம்பஸின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் முழுப்பெயரும் இருக்க வேண்டும். தங்கச்சிக்காக ஓர் இடத்துக்குப் போனபோது, பளபளப்பான கையேட்டில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. வர்த்தமானி இலக்கம் கேட்டேன்; பிளேன்டீதான் வந்தது.

பார்ப்பது லேசு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சந்தேகம் என்றால் கொழும்பு வார்ட் பிளேஸில் உள்ள அவர்களது அலுவலகத்திலேயே கேட்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கேயிருந்து படிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் உதவாது. அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா என்று ஆணைக்குழுவிடம் தனியாக விசாரியுங்கள், முதல் தவணைக் காசு கட்ட முன்னமே.