பெரிய வால்வு போட்டால் குளிர் கூடுமா?

சுங்கை சிப்புட் கடைக்காரர்களின் புலனக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “குளிர் அறை சரியாகக் குளிரவில்லையா? ஒரு சைஸ் பெரிய எக்ஸ்பான்ஷன் வால்வு போடுங்கள், கரண்டு பில்லும் குறையும்.” இது தவறு.

இந்த வால்வின் வேலை, ஆவியாக்கிக்குள் (அறையைக் குளிர வைக்கும் குழாய்ச்சுருள்) போகும் கேஸை, அதாவது குளிரூட்டும் பொருளை, தேவைக்கு ஏற்ப அளந்து விடுவது. வெளியே வரும் ஆவி தன் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கிறதோ, அதுதான் சூப்பர்ஹீட். ஆர்-134ஏ என்ற கேஸ் ஓடும் அறையில் அழுத்தம் அளக்கும் கேஜ் 1.9 பார் காட்டினால் கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரி. வால்வுக்கு வெப்பத்தை உணர்த்தும் பல்பு கட்டிய இடத்தில், ஆவியாக்கியை விட்டு வெளிவரும் குழாய் 6 டிகிரி என்றால் சூப்பர்ஹீட் 6. பொதுவாக 5 முதல் 8 வரை இருந்தால் சரி. அளவுக்கு மீறிய வால்வு நிலைகொள்ளாமல் திறந்து மூடும். ஆவியாகாத திரவம், ஆவியை மட்டுமே அழுத்த வேண்டிய கம்ப்ரஸருக்குத் திரும்பி அதைக் கெடுக்கும். அப்புறம் கம்ப்ரஸர் செலவு யார் தலையில்?

வால்வைத் தேர்ந்தெடுக்க கேஸின் வகை, ஆவியாக்கியின் திறன், ஆவியாகும் வெப்பநிலை, வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் எல்லாம் வேண்டும். குழாய் சைஸ் மட்டும் போதாது. தயாரிப்பாளரின் திறன் அட்டவணையில் யாரும் சரிபார்க்கலாம்.

குளிர் குறைந்தால் முதலில் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் அழுக்கையும் பல்பு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.