என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

நம் சிங்கப்பூர்க் குழு என்னைக் கூப்பிடாமல் மலேசியாவின் மலாக்காவுக்குச் சுற்றுலா போய் வந்து போட்ட படங்களுக்குக் கீழே நான் எழுதிய ஒற்றை வரியைப் பற்றி ஒரு வாரமாக ஆளாளுக்குப் பேசியாகிவிட்டது. "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். வந்த பதில்களைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்தப் பதிவையே எடுத்துவிட்டார்கள். அதனால் என் பக்கத்தில் எழுதுகிறேன்.

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா கூப்பிடல. கோச்ல ஏறி இறங்கக் கஷ்டப்படுவீங்கன்னு நினைச்சோம்."

நினைத்தீர்கள், சரி. கேட்டீர்களா? நான்கு வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறேன். போன பொங்கலுக்கு வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், யார் வீட்டுக்கு எத்தனை பொட்டலம் என்று உட்கார்ந்து கணக்கெழுதியது நான். அன்றைக்கு என் எண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோச், அதாவது சுற்றுலாப் பேருந்தின் படி உயரம் என்று எனக்குத் தெரியாதா? சக்கர நாற்காலியில் 14 வருடம் இருப்பவளுக்கு ஒவ்வொரு படியின் உயரமும் தெரியும். எல்லையில் சிங்கப்பூருக்கு ஒன்று, மலேசியாவுக்கு ஒன்று என்று போகும்போது இரண்டு சோதனைச் சாவடி, வரும்போது இரண்டு. ஒவ்வொன்றிலும் எல்லோரும் இறங்கி ஏற வேண்டும். என்னால் முடியாது. அதற்கு வழியும் என்னிடம் இருந்தது. என் தம்பியிடம் கார் இருக்கிறது. காரில் போனால் சாவடியில் இறங்கவே வேண்டாம். சிங்கப்பூர்ப் பக்கத்துச் சாவடிகளான உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டிலும் 2024 மார்ச்சிலிருந்து காரில் உட்கார்ந்தபடியே கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். நேராக மலாக்காவில் வந்து சேர்ந்திருப்பேன். செயின்ட் பால் குன்றில் நீங்கள் ஏறும்போது கீழே நிழலில் இருந்திருப்பேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலை வாசலில் இருந்தாவது கும்பிட்டிருப்பேன். வீட்டில் மலாய் பேசினாலும் இன்றும் பொங்கல் கொண்டாடுகிற மலாக்கா செட்டிகளின் கம்பத்துக்கு, அதாவது அவர்கள் கிராமத்துக்கு, போக வேண்டும் என்று குழுவில் முதலில் சொன்னதே நான்தான். அந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒருத்தருக்காக நாப்பது பேர் காத்திருக்கணுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பஸ் கேப்டன் இறங்கி வந்து, சரிவுப் பலகையை விரித்து, நான் ஏறி நாற்காலியை என் இடத்தில் நிறுத்திய பிறகுதான் வண்டியை எடுப்பார். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். ஆரம்பத்தில் எனக்குத் தோதான பஸ்ஸுக்காக வருகிற பஸ்களை எல்லாம் போகவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். 2020 டிசம்பரிலிருந்து இங்கே சிங்கப்பூரில் எல்லாப் பொதுப் பேருந்திலும் சக்கர நாற்காலி ஏறும். முன்பின் தெரியாதவர்கள் தினமும் எனக்காக அந்த இரண்டு நிமிடம் காத்திருக்கிறார்கள். மலாக்காவில் ஒருவருடைய கைப்பேசியைத் தேடியதில் முக்கால் மணி நேரம் போனது என்று நீங்களேதான் எழுதியிருந்தீர்கள். அவரை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லையே.

"அரசாங்கம் இவ்வளவு செஞ்சிருக்கு, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்ட அண்ணனுக்கு. செய்திருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவே இல்லை. என் தாத்தா காலத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். எங்கள் வீடு மூன்றாவது மாடி. வாதம் வந்து தாத்தாவுக்குக் கால் விழுந்த பிறகு, எதிர்வீட்டுச் சீனரும் அவர் மகன்களும் சாயங்காலம் வந்து நிற்பார்கள். "அங்கிள், கீழே போறீங்களா?" தாத்தா சரி என்றால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். சில நாள் "இன்னிக்கு வேணாம்" என்பார், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்க வைக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது 2001இல். அதற்குள் தாத்தா போய்விட்டார். மின்தூக்கி இல்லாத நாளிலும் அவரை ஒருவர் தினமும் கேட்டார். இன்றைக்கு எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கிறது, என்னை யாரும் கேட்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான் அண்ணே.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனாம். பொதுவில் போடாமல் தனியாகக் கேட்டிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன விஷயம் இல்லை. கல்யாண வீட்டில் என் தலைக்கு மேலாகத் தம்பியைப் பார்த்து "அவங்க சாப்பிடுவாங்களா?" என்கிறார்கள். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே தம்பிக்காகக் காத்திருந்தபோது, ஓர் அம்மா என் மடியில் இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டைப் பிச்சையாக வைத்துவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். அலுவலக அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு. அவரும் நல்ல மனசோடுதான் வைத்திருப்பார். எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள். அந்த நல்ல மனசில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர இடமே இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

"வர முடியாது" என்று சொல்லும் உரிமையாவது எனக்கு வேண்டாமா? அதையும் நீங்களே சொல்லிவிட்டால் எப்படி?

செப்டம்பரில் பினாங்கு போகப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் இன்னும் குழுவில்தான் இருக்கிறேன். ராத்திரி பத்து மணி வரைக்கும் விழித்திருப்பேன், கூப்பிடுங்கள்.