எந்தப் பட்டன் என்று யாருக்காவது தெரியுமா?

‘முன்பதிவு செய்க’ பட்டன் எங்கள் இணையதளத்தில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அதை வைத்தவர்களுக்கே தெரியாது. ஆனால் எந்தப் பட்டனை ஆட்கள் அழுத்துகிறார்கள் என்று அறிக்கை மட்டும் என்னிடம் கேட்பார்கள்!

திருகோணமலை நிலாவெளியில் அறை, புறாத்தீவுக்குப் படகு, திமிங்கிலம் பார்க்கும் பயணம், எல்லாவற்றையும் ஒரே தளத்தில் விற்கிறோம். மேல் மெனுவில் ஒரு பட்டன். கடற்கரைப் படத்தின் மேல் ஒன்று. ஒவ்வொரு அறைக்குக் கீழேயும் ஒன்று. அடிப்பக்கத்தில் இன்னொன்று. போனில் திறந்தால் மூலையில் பச்சை வாட்ஸ்அப் வேறு, சரியாக அறையின் விலையை மறைத்தபடி மிதக்கிறது. யார் எதை எப்போது வைத்தார்கள் என்று எழுதி வைக்க எக்செல் தாள் ஒன்று திறந்து கொடுத்தேன். இன்றைக்கும் அதில் தலைப்பு வரி மட்டும்தான். கேட்டால், “சின்ன மாற்றம்தானே அண்ணை, இதுக்கெல்லாமா எழுதுறது?”

சின்ன மாற்றமாம். வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பை யாராவது அழுத்தினால் தளத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தானாக எண்ணிக்கொள்ளும். நம் தளத்துக்குள்ளேயே அடுத்த பக்கத்துக்குப் போகும் பட்டனை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டனுக்கென்று அடையாளம் இல்லாவிட்டால், மெனுவில் அழுத்தியதும் அடிப்பக்கத்தில் அழுத்தியதும் ஒரே கணக்கில் போய் விழும்.

எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர், எந்தக் கிளிக்கை அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவது என்று அமைக்கும் கூகுள் டேக் மேனேஜரில், பட்டனின் எழுத்தை வைத்து எண்ணியிருக்கிறார். ‘புக் நவ்’ என்றிருந்தால் ஒரு கிளிக். சரி, ஆங்கிலப் பக்கத்துக்கு அது போதும். தமிழ்ப் பக்கத்திலும் சிங்களப் பக்கத்திலும் பட்டன் அந்தந்த மொழியில் அல்லவா இருக்கிறது? இரண்டுக்கும் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை நம்பி ஒரு கூட்டமே நடந்தது. “எங்கட ஆக்கள் ஒன்லைனில் புக் பண்ணுறதில்லை, தமிழ்ப் பக்கம் எதுக்கு?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். எண்ணாமல் விட்டது நிறுவனம், பழி விருந்தாளிகள் தலையில்!

அழகுக்கென்று பட்டனுக்குள் குட்டிப் படகுச் சின்னம் ஒன்றையும் சொருகினார்கள். பக்கத்தில் எதை அழுத்தினாலும் பிடிக்கும் ட்ரிகரில் (எப்போது எண்ணுவது என்ற விதியில்), விரல் அந்தச் சின்னத்தில் பட்டால் டேக் மேனேஜருக்குத் தெரிவது பட்டன் அல்ல, படகுப் படம். அதில் எழுத்தே கிடையாது, ஆகவே கிளிக்கும் கணக்கில் வராது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு பட்டனின் நிரலிலும் அது மெனுவில் இருக்கிறதா, அறை அட்டையில் இருக்கிறதா என்று ஒரு டேட்டா அட்ரிபியூட், அதாவது திரையில் தெரியாத சின்னக் குறிப்பு. இவென்ட்டுக்கு, அதாவது எண்ணப்படும் கிளிக்குக்கு, எல்லா மொழிக்கும் ஒரே பெயர், இடம் அதற்குள் ஒரு பாராமீட்டராக, கூடுதல் விவரமாகப் போகும். அந்தப் பாராமீட்டரை அனலிட்டிக்ஸில் கஸ்டம் டைமென்ஷனாக, அதாவது அறிக்கையில் பிரித்துப் பார்க்கும் தலைப்பாகப் பதிய வேண்டும். பதிவதற்கு முந்தைய நாட்களுக்கு அறிக்கையில் அது பின்னோக்கி வராது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

அடிப்பக்கப் பட்டனை யாரும் அழுத்துவதில்லை, எடுத்துவிடலாமா என்று இன்னொரு கேள்வி. அதுவரை இறங்கிப் பார்த்தவர்களே எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி எடுப்பது? பட்டன் திரையில் தெரிந்ததா என்று பார்க்கத் தனி ட்ரிகர் இருக்கிறது. அதைப் போடவும் யாருக்கும் நேரமில்லை.

நேரம்தான் இங்கே இல்லாத சாமான். சீசன் மே மாதம் சூடுபிடிக்கும். மாரி வந்துவிட்டால் கடல் குழம்பி, புறாத்தீவுக்குப் படகு ஓடாது, எண்ணுவதற்கு ஆளும் இருக்காது. நிலைமை இப்படியிருக்க, கடைசிக் கூட்டத்தில் எடுத்த ஒரே முடிவு பட்டன்களின் நிறத்தைச் செம்மஞ்சளாக மாற்றுவது!

மாற்றுங்கள், தாராளமாக. ஆனால் இனிப் புதுப் பட்டன் வைக்கிறவர் அந்தத் தாளில் அதன் இடத்தை எழுதாமல் வந்தால், டேக் மேனேஜரில் நான் பப்ளிஷ் அழுத்த மாட்டேன். முதலாளியிடம் முறையிடுவதென்றால் போய் முறையிடுங்கள்.